கரிசலில் திரும்பிய கால்

என் தம்பி சோலைச்சாமி இன்று ஹாக்கி மைதானத்தில் விசில் ஊதுகிறான். நடக்கிறான், சைக்கிள் மிதிக்கிறான், மாடி ஏறுகிறான். ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்ப மட்டும் முடியாது. அதற்குக் காரணம் அவன் அக்கா, இந்த வெயிலுகந்தம்மாள்தான். என் வாயும் என் அவசரமும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அவனுக்கு இருபத்துநாலு வயது. கோவில்பட்டியில் ஒரு மேட்சில் பந்தோடு திரும்பியவனுக்கு முட்டி ஜவ்வு அறுந்துபோனது. மதுரையில் ஆபரேஷன். தொடைக்குப் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் பொருத்தினார்கள். அடுத்த சித்திரையில் ரயில்வே வேலைக்கு விளையாட்டுக்காரர்களை எடுக்க இருந்தார்கள். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: “மூணு மாசத்துல கால் சரியாயிட்ட மாதிரி இருக்கும். அப்பதான் உள்ள வச்ச நாருக்கு வலு ரொம்பக் கம்மி. முட்டிக்குப் போடுற பெல்ட் இல்லாம மேடு பள்ளத்துல இறங்கவே கூடாது.” நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

பயல் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து குதிகாலை இழுத்து இழுத்து மடக்குவான். பல்லைக் கடித்தாலும் கண்ணீர் வந்துவிடும். சூம்பிய தொடையில் சதை பிடிக்க, காலை நீட்டி இறுக்கி இறுக்கி விடுவான். இரண்டாம் மாதம் நொண்டாமல் நடந்தான். மூன்றாம் மாதம் கோவில்பட்டி பஸ்ஸில் தானே ஏறிப் போய் வந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு இளக்காரமாகிவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் மழை கொட்டியது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டுமென்று ஊரே காட்டில் இறங்கியது. கூலிக்கு ஆள் சிக்கவில்லை. “ரெண்டு நாள் பொறு, மண்ணு பதத்துக்கு வரட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்டால்தானே! மறுமழை பிடித்தால் விதைப்பே போச்சு என்று ஏர் பூட்ட வைத்தேன். ஏருக்குப் பின்னாலேயே நடந்து உளுந்து விதை போட ஆள் வேண்டும்.

“ஏலே, மட்டையத் தூக்கிட்டு ஓட மட்டும் கால் வேணும், காட்டு வேலைன்னா வலிக்குதோ? ராசா கணக்கா உக்காந்து திங்குதியே, வெக்கமா இல்ல?”

தம்பியைப் பார்த்து நான் இப்படிக் கேட்டதும், அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வரப்பில் அவனை நிறுத்தினேன். “பெல்ட்டக் கழத்துலே, சேறு அப்பிப் பாழாப் போவும்” என்று என் கையாலேயே கழற்றி, சேலை முந்தியில் சுற்றி வைத்துக்கொண்டேன். பாவி எனக்குக் காலைவிட பெல்ட் பெரிதாகப் போனது.

ஏர் திரும்பிய இடத்தில் அவனும் திரும்பினான். உடம்புதான் திரும்பியது, கரிசல் மண் பாதத்தை விடவில்லை. “யக்கா!” என்று ஒரே சத்தம். பொழுது சாய்வதற்குள் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

மறுநாள் மதுரை. டாக்டர் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “வச்ச ஜவ்வு போச்சு. இனி அடுத்த கால்ல இருந்துதான் நார் எடுக்கணும். மறுபடி ஒரு வருஷம் ஆகும். எப்படி ஆச்சு?”

நான் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்: “ஆசையில நானாத்தான் பந்தடிச்சுப் பாத்தேன் சார்.”

டாக்டர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களாவது தடுக்கக் கூடாதாம்மா?” என்றார்.

“சொன்னாக் கேக்க மாட்டான் சார்” என்றேன்.