கொசு இல்லாத வீடு

எங்கள் வீட்டில் கொசுவே கிடையாது என்று காட்டுவதற்காக என் தகப்பனார் ஒருமுறை வீடு முழுவதும் சுண்ணாம்பு அடித்தார். கொசு பிடிக்கவென்றே ஒரு டாக்டர் வரப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் அடித்தார். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விருந்தாளி வருமுன் வீட்டைச் சுத்தம் பண்ணாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

பிளவக்கல்லுக்குக் கீழே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அணைக்கட்டெல்லாம் பின்னால் வந்தது. நான் சொல்லுவது யுத்தத்துக்கு முந்தின காலம். மலையிலிருந்து இறங்கும் ஓடை நேரே எங்கள் வயல்களுக்கு வரும். ஐப்பசி மழை ஓய்ந்து ஓடைத் தண்ணீர் தெளிந்தால் கூடவே காய்ச்சலும் வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறும் நேரத்தில் பிள்ளைக்கு உடம்பு உதறும். இருக்கிற போர்வையை எல்லாம் மேலே போட்டாலும் பல் அடங்காது. பிறகு தீயாய்க் கொதித்து, வேர்த்து, விட்டுவிடும். மறுநாள் அந்தப் பிள்ளையே எழுந்து கோலிக்குண்டு விளையாடும். விட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லி முடிக்குமுன் திரும்பி வரும். மலைத்தண்ணீரால் வருகிற காய்ச்சல் என்பது ஊரின் தீர்ப்பு.

முந்தின வருஷம் அது என் அக்காளைக் கொண்டுபோய்விட்டது. அம்மா துணி வெளுக்க ஓடைக்குப் போனபோது அக்காளும் கூடப் போனாள். அம்மாதான் அவளை அங்கே தலைமுழுக்காட்டினாள். மூன்றாம் நாள் குளிர் கண்டது. தை பிறக்குமுன் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

அப்பாவின் தமக்கை, என் அத்தை, சிறுவயதிலேயே தாலியறுத்து எங்களோடுதான் இருந்தாள். அக்காளைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். அந்தத் துக்கத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் அம்மாவின் தலையில் இறக்கிவைத்தாள். "புள்ளைய மலைத்தண்ணியில முக்காதன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?" என்று சோறு போடும்போது சொல்லுவாள், விளக்கேற்றும்போது சொல்லுவாள். அத்தை சொல்லுவது மெய்தான் என்று அம்மாவும் நம்பியிருந்தாள். இடுப்புப் பிள்ளையாக இருந்த என் தம்பியை ஓடைப் பக்கமே விடவில்லை. கிணற்றுத் தண்ணீரை இறைத்துச் சுடவைத்துத்தான் அவனைக் குளிப்பாட்டினாள். அப்படியும் அந்த வருஷம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா ஓடையிலிருந்து ஈரச் சேலையோடு வந்து பிள்ளையைத் தூக்கினாளே, அதனால்தான் என்று அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் வந்தார். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசமாட்டார். கூடவே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒரு பாய், கொசு பிடிப்பது அவருடைய உத்தியோகம். இப்படி ஓர் உத்தியோகம் உண்டா என்று ஊரே வாய் பிளந்தது. "எங்க மாட்டுக்கொட்டத்துக்கு வாரும், சாக்குல அள்ளிட்டுப் போவலாம்" என்று வாலிபப் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். பாயும் சளைக்காமல், "சாக்கு உம்முடையதா, நான் கொண்டாரணுமா?" என்று கேட்டார்.

ஞாயிறன்று கோயிலாகவும் மற்ற நாளில் பள்ளிக்கூடமாகவும் இருந்த ஓலைக்கட்டிடத்தில் டாக்டர் எங்களை வரிசையாகப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். அநேகப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டி இருந்தது; இந்தக் காய்ச்சல் விடாமல் வந்தால் மண்ணீரல் அப்படி வீங்குமாம். தம்பிக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிசு. பிறகு பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒருவகைக் கொசுதான் இந்தக் காய்ச்சலைச் சுமந்து வருகிறது என்று உலகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கொசு இங்கே வீட்டுக்குள் இருக்கிறதா, அதன் உடம்பில் காய்ச்சல் விஷம் இருக்கிறதா என்று தாம் பார்க்க வேண்டும். இருந்தால் ஓடைக்கரையைச் சீர்படுத்தவும் பிள்ளைகளுக்குக் கொயினா மருந்து கொடுக்கவும் மேலே சர்க்காருக்கு எழுதுவார். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்த் தேடுவார். வியாழக்கிழமை காலை, முதலில் எங்கள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார்.

இத்தனையிலும் அப்பாவின் காதில் ஏறியவை இரண்டுதான். டாக்டர் நம் வீட்டுக்கு வருகிறார். வந்து, கொசு இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்.

அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "அவ்வளவு பெரிய மனுசன் வந்து நம்ம வீட்ல கொசு புடிச்சிட்டுப் போனா, ஊர்ல தலைகாட்ட முடியுமா?" என்றார். போதகரையா வருகிறபோதே ஒட்டடை அடிக்கிறோம், இவர் டாக்டராயிற்றே என்று அத்தை எடுத்துக்கொடுத்தாள். அவ்வளவுதான். சுண்ணாம்பு நீற்றினார்கள். தரை மெழுகினார்கள். மாடுகளைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வேப்பிலையும் நொச்சியும் போட்டு, கண் திறக்க முடியாதபடி இரண்டு நாள் சாயங்காலம் புகை போட்டார்கள். எங்கள் வீட்டுப் புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் போட்டார்கள். அதைப் பார்த்து எதிர்வீட்டில். கிறிஸ்துமஸ் முந்திக்கொண்டு வந்துவிட்டதோ என்று கேட்கும்படி தெருவே வெளுத்துப்போயிற்று.

அம்மாவும் ஓடியாடி வேலை செய்தாள். ஒரே ஓர் இடத்தை மட்டும் தொடவில்லை. அக்காள் படுத்துக்கிடந்த உள்ளறை. அடக்கம் முடிந்த அன்று பூட்டியது; பூட்டினபடியே கிடந்தது. அதையும் திறந்து மெழுகிவிடலாமே என்று அத்தை கேட்டதற்கு, "அது கெடக்கட்டும் மதினி" என்றாள் அம்மா. அத்தையும் அதற்குமேல் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டரும் பாயும் வந்தார்கள். பாயின் கையில் பாட்டரி விளக்கு, மடியில் கண்ணாடிக் குழாய்கள், பஞ்சு. விட்டத்துக்குக் கீழே, பானைகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மாட்டுக்கொட்டத்தின் கூரை ஓரத்தில் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். பூட்டிக்கிடந்த உள்ளறையை மட்டும் யாரும் காட்டவில்லை. ஒரு கொசு இல்லை. பாய் வெளியே வந்து, "இம்புட்டுச் சுத்தமான வீட்டுக்குள்ள என்னை விட்டீங்களே, நான்தான் அழுக்கா நிக்கேன்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

எங்கள் முற்றத்தில் கட்டில் போட்டு, டாக்டருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, இந்த ஊரில் வீட்டுக்குள் கொசுவே இல்லைபோல, சாமானைக் கட்டும், நாளைக்குச் சுந்தரபாண்டியம் பக்கம் போய்ப் பார்ப்போம் என்று பாயிடம் சொன்னார். "எங்க ஊர்ல எப்பவுமே கெடையாதுங்கய்யா" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்படின்னா இங்கே காய்ச்சல் எதனால வருதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏன் சொல்ல முடியாது? தண்ணியாலதான். ஒரு வருசமா நான் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

அப்போது அம்மா வெளியே வந்தாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் அன்னிய ஆண்களோடு நேருக்குநேர் பேசமாட்டார்கள். பேசியே ஆகவேண்டுமென்றால் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்திக்கொள்ளுவார்கள். எதிரே நிற்கிறவருக்கு எல்லாமே கேட்கும். ஆனாலும் பிள்ளை சொன்ன பிறகுதான் அவர் கேட்டதாகக் கணக்கு. அம்மா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏட்டி, அவியகிட்டச் சொல்லு. இந்த வீட்ல கொசு உண்டு. ராவெல்லாம் பிடுங்கித் திங்கும். நேத்தும் முந்தாநாளும் புகை போட்டு வெரட்டியிருக்கோம்."

அப்பா நிற்கிறார், வேலிக்கு அந்தப்புறம் பாதித் தெரு நிற்கிறது. ஆனாலும் சொன்னேன். டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. முறை தெரிந்தவர், என்னைத்தான் பார்த்தார்.

"எதுக்கு வெரட்டினீங்கன்னு அம்மாகிட்டக் கேளும்மா."

"அவிய வாராவன்னுதான்" என்றாள் அம்மா.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முழங்கையில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பாய் தலைப்பாகைத் துணியை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டை எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்திருங்கள் என்று தாமல்லவா சொல்லியிருக்க வேண்டும், பிசகு தம்முடையதுதான் என்றார். படித்தவர் ஒருவர் பத்துப் பேர் முன்னால் தம் பிசகை ஒத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

"புகைக்குப் பயந்து அதெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று அவர் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். உள்ளறையைத் திறந்தாள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போகவில்லை, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

கொடியில் அக்காளின் கருநீலப் பாவாடை, அவள் போட்டது போட்டபடி தொங்கியது. "அதை ஆட்டாம பாக்கச் சொல்லு" என்றாள் அம்மா. நான் சொன்னேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பாவாடை மடிப்பின் அடியில் வெளிச்சம் காட்டினார். கருவேல முள்ளைக் குத்திவைத்ததுபோலக் கொசுக்கள், தலை துணியிலும் வால் மேலே தூக்கியபடியும், வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இதுதான்யா, இதுதான்" என்றார் பாய், மெதுவாக. ஒவ்வொன்றின் மேலும் குழாயைக் கவிழ்ப்பார். பஞ்சை வைத்து அடைப்பார். உதடு மட்டும் பிஸ்மில்லா சொல்லும். கடைசிவரை அந்தப் பாவாடை அசையவில்லை. நல்ல மனிதர். கர்த்தர் அவருக்கு எந்த வாசலைத் திறந்தாரோ, திறந்திருப்பார்.

மறுநாள் டாக்டர் கோயில்வாசலில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்துத் மைக்ராஸ்கோப் என்கிற தம் பூதக்கண்ணாடியை வைத்தார். அதன் அடியிலிருந்த சின்ன முகக்கண்ணாடி வெயிலை வாங்கி மேலே அனுப்பும். கொசுவை ஒரு துளித் தண்ணீரில் கிடத்தி, இரண்டு ஊசிகளால் தலையை உடம்பிலிருந்து மெல்ல இழுத்து, அதன் எச்சில் பையைத் தனியே பிரித்தார். பூக்கட்டுகிறவளுக்குக்கூட அந்த விரல் வராது. ஒன்றில் இல்லை, எடுத்துப்போட்டு அடுத்ததை வைப்பார். கழுத்து வலித்தாலும் நிமிரமாட்டார். உச்சி வெயிலுக்குமுன் ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும், கூடவே அத்தையும் போனார்கள். நடுவில் நிற்க நான். முதலில் எனக்குக் காட்டினார். வெளிச்ச வட்டத்துக்குள் இமை மயிரை நறுக்கிப் போட்டதுபோலச் சின்னச் சின்ன வளைவுகள். இவைதான் காய்ச்சல், கொசு கடிக்கும்போது இவை ரத்தத்தில் இறங்குகின்றன என்றார். அப்பா தூர நின்றுகொண்டிருந்தார். டாக்டர் அவருக்கும் கேட்கும்படி, இது சாக்கடைக் கொசு அல்ல, ஓடை ஓரத்துத் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், வீட்டுச் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அப்பா அதற்குப் பிறகு பக்கத்தில் வந்தார்.

சொன்னபடியே டாக்டர் மேலே எழுதினார். கொயினாவும் வந்தது, ஓடைக்கரையும் சீரானது. தம்பி பிழைத்து, ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆனால் அன்று கோயில்வாசலில் அதெல்லாம் யாருக்கும் தெரியாது.

அம்மா கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, என்னிடம், "அந்தத் தண்ணியில குளிச்சா வருமான்னு கேளு" என்றாள்.

"குளிச்சா வராது. குடிச்சாலும் வராது. இது கடிச்சாத்தான் வரும்" என்றார் டாக்டர்.

"கடிச்ச ரெண்டு மூணு நாள்ல வருமான்னு கேளு."

"வராது. உள்ளே போய்ப் பெருகணும். பத்து நாளாவது ஆகும்."

"அப்பம், ஓடையில குளிச்ச புள்ளைக்கு மூணாம் நாளே குளிர் வந்தா?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். உள்ளறைப் பாவாடையை அவரும் பார்த்தவர்தானே. "ஓடைக்குப் போறதுக்கு முந்தியே கடிச்சிருக்கும். குளிச்சதால வந்ததில்ல. குளிப்பாட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, இன்னொரு தரம் கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். டாக்டர் ஒரு வார்த்தை குறையாமல் திரும்பச் சொன்னார்.

"இன்னொரு தரம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு படித்தவர், என் அம்மாவை மந்தம் என்றல்லவா நினைப்பார்? "அதான் சொல்லிட்டாவல்லாம்மா" என்று முணுமுணுத்தேன். ஆனால் டாக்டர் நான் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். இந்த முறை என்னை விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்தே, முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொன்னார். அம்மாவும் சுவர்ப்பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

திரும்பி வரும் வழியில் எனக்குக் கோபம் ஆறவில்லை. "ஒரு தரம் சொன்னா ஒனக்கு வெளங்காதாம்மா?" என்று கேட்டேன். எப்போதும் அம்மாவை மட்டம் தட்ட முதல் ஆளாக வருகிற அத்தை எனக்குத் துணைக்கு வருவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் "சும்மா வாட்டி" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, எட்டி நடந்துபோய் அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியைத் தான் வாங்கிக்கொண்டாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வீடு வரும்வரை அழுதேன்.