கோழி ஷெட்டின் கறுப்புத் திரை

சேந்தமங்கலத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறவன். யாராவது பேய்க் கதை சொன்னால் சிரித்துவிடுவேன். அதனால் இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் இது எனக்கு நடந்தது. இந்தச் சித்திரையில், எங்கள் கோழிப் பண்ணையில், இன்னும் முழுதாக இருட்டாத நேரத்தில்.

‘எங்கள்’ பண்ணை என்று எழுதவே கை கூசுகிறது. அது என் மனைவி கிருத்திகாவின் முதல் கணவர் குணசீலன் கட்டியது. அவர் லாரி மோதி இறந்து ஒன்றேகால் வருடம் கழித்து, தை மாதத்தில், எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. வீட்டில் அவருடைய படம் இல்லை, துணிமணி இல்லை. ஷெட்டில் மட்டும் எதைக் கேட்டாலும் ‘குணா மாட்டுனது’ என்பார்கள்.

முட்டையிடும் கோழிக்கு நாளுக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் தந்தது போக மீதியை விளக்குகள் தர வேண்டும். குறைந்தால் முட்டையும் குறையும். அந்த விளக்குகளை நேரம் பார்த்துப் போட்டு அணைக்க, ஷெட்டின் கடைசி மூலையில் குணசீலன் ஒரு குட்டிக் கணினியை மாட்டியிருந்தார். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கியது. அதோடு ஒரு சின்னத் திரை, ஒரு கீபோர்டு, ஒரு நாற்காலி. வயர்களைக்கூட வரிசையாகக் கட்டியிருந்தார். நேர்த்தியான வேலை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கிருத்திகா தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே போவாள். திரையைப் பார்த்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அவள் திரும்பி வர ஏழாகும்.

செத்துப்போனவர் மேல் பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம். உயிரோடு இருக்கிறவன் என்றால் சண்டையாவது போடலாம்.

கோழிகளும் அவர் கட்சிதான். எப்போதாவது நான் நுழைந்தால் எட்டாயிரமும் ஒன்றாகக் கத்தும். ஷெட்டில் வேலை பார்க்கும் சின்னாயி ஒரு நாள் சிரித்தாள்.

“கதவுல ரண்டு தட்டுத் தட்டிட்டு உள்ள வரோணுங்க. அப்பவும் தெனம் பாக்கற மூஞ்சின்னாத்தான் சும்மா இருக்கும். குணா தம்பி வந்தா ஒத்தைக் கோழி வாயத் தொறக்காதுங்க.”

அன்று ராத்திரியே கிருத்திகாவிடம் பேச்சை எடுத்தேன்.

“கிருத்தி, இனிமே நீ ஷெட்டுக்கு நடக்க வேண்டாம். அந்தத் திரை ஊட்டுல லேப்டாப்புலயே தெரியற மாதிரி பண்ணித் தர்றேன்.”

“நடக்க முடியலைன்னு நான் சொன்னனுங்களா?”

“ஆறு மணிக்கு நீ எங்கூட இருக்கோணும். அவ்வளவுதான்.”

“ஏனுங்க, கோழி மேலயுமா பொறாமை?”

“கோழி மேல இல்ல.”

அவள் விளக்கை அணைத்துத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் மாலை வேலையை முடித்தேன். ரிமோட் டெஸ்க்டாப் என்பது பெரிய மந்திரமல்ல. கணினி ஷெட்டிலேயே இருக்கும். அதன் திரை மட்டும் வைஃபை வழியாக வீட்டுக்கு வரும். நாம் இங்கே தட்டுவது அங்கே போய்ச் சேரும். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கணினியில், ஒரு பெயருக்கு ஓர் இருக்கைதான். அதே பெயரில் ஒருவர் அங்கே நேரில் உட்கார்ந்திருந்தால், தூரத்திலிருந்து நுழைகிறவருக்கு வெறும் கறுப்புத் திரைதான் கிடைக்கும்.

எனக்கு அது தெரியும். அதனால், கணினி தானாகவே குணசீலன் பெயரில் திறந்துகொள்ளும் ஏற்பாட்டை முதலில் அணைத்தேன். திரையையும் கீபோர்டையும் கழற்றி வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். அவருடைய இடம் காலி. நினைக்கவே இனித்தது.

மாலை 6:04. வீட்டுக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்தில் கிருத்திகா. விளக்கு நிரல் குணசீலன் பெயரில் ஓடுவதால் அந்தப் பெயரில்தான் நுழைய வேண்டும். கடவுச்சொல், அவள் பெயர்.

கறுப்பு.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. இரு.”

குட்டிக் கணினியை மறுபடி தொடங்க வைத்தேன். காத்திருந்தேன். நுழைந்தேன்.

கறுப்பு.

திரை வராவிட்டாலும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எழுத்து வழியாகக் கணினியிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. பெயர், குணசீலன். இடம், நேரடி இருக்கை. கடைசியாக அவர் விசையைத் தட்டி எவ்வளவு நேரமாயிற்று என்பதும் அதே வரியில் வரும்.

பூஜ்யம் நொடி.

ஷெட்டின் கீபோர்டு என் மடியில் இருந்தது...

மறுபடி கேட்டேன். பூஜ்யம். இன்னொரு முறை... பூஜ்யம்.

“விடுங்க,” என்றாள் கிருத்திகா மெதுவாக. “இந்நேரத்துக்கு அங்க தொந்தரவு பண்ணாதீங்க.”

எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ உள்ளே புகுந்து வேறு கீபோர்டைச் செருகி விளையாடுகிறான். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

6:21. ஷெட்டில் விளக்குகள் எரிந்தன. கதவை இரண்டு முறை தட்டி நுழைந்தேன். கோழிகள் கத்தின. அங்கிருந்தே கடைசி மூலை தெரிந்தது. நாற்காலி காலி. யாருமில்லை.

ஆனால் அந்த மூலைக் கூண்டுகள் மட்டும் கத்தவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு அடுத்த கூண்டு அடங்கியது. அதற்கு அடுத்தது... அடுத்தது... ஓர் ஆள் நடக்கும் வேகத்தில், அமைதி என்னை நோக்கி வந்தது.

பாதி ஷெட்.

முக்கால்...

என் பக்கத்தில் வந்து நின்றது.

ஒரு சத்தம் இல்லை.

கோழிகள் என்னைப் பார்க்கவில்லை. என் வலத் தோளுக்கு அருகே பார்த்தன. எல்லாமே.

டக். டக்.

பின்னால் கதவு. கிருத்திகா. கையில் அந்தத் திரையும் கீபோர்டும். அவளும் என்னைப் பார்க்கவில்லை. கோழிகள் பார்த்த இடத்தையே பார்த்தாள்.

“தெரியாமப் பண்ணிட்டாருங்க,” என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை.

நான் ஓடினேன்.

அன்றும் அவள் ஏழு மணிக்குத்தான் வந்தாள். வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலையில், தீவனம் போட்டுக்கொண்டிருந்த சின்னாயியிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஏனக்கா, இந்தக் கோழிக குணசீலனை இன்னுமா மறக்கல?”

அவள் கை நின்றது.

“எந்தக் கோழிகங்க? தம்பி வளத்த பேட்ச்சை அப்பவே கறிக்கு ஏத்தி உட்டாச்சுங்க. இதுக போன ஆடியில குஞ்சா எறக்குனது. தம்பியைக் கண்ணுலயே பாத்ததில்லீங்க.”

அவர் இறந்தது அதற்கு முந்தைய ஐப்பசியில்.

தினம் பார்க்கும் முகத்துக்குத்தான் கோழி அடங்கும்.

கிருத்திகா இன்றும் ஆறு மணிக்குப் போகிறாள். போகும் முன் தலை வாரிக்கொள்கிறாள். நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். அவள் பாதி வழி போகும்போதே... ஷெட்டில் அத்தனை கோழிகளும் அடங்கிவிடுகின்றன.