பின்சீட்டில் நடு இடம்

இது நடந்தது. நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் வேங்கிக்காலில் புது வீடுகள் வந்திருக்கும் பக்கம் ஒரு நாள் மாலை போய்ப் பாருங்கள். ஒரு மாடி வீட்டு வாசலில் கறுப்பு நிறப் பழைய கார் ஒன்று பின்கதவு திறந்தபடி நிற்கும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மூர்த்தி. அவரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள், நொந்துபோன மனுஷன். எனக்கு அவர் கடைக்குப் பக்கத்துக் கடை. அவர் சொன்னதையும் என் கண்ணால் பார்த்ததையும் நானே சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலை டவுனில் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது மூர்த்தியின் தொழில். மனைவி எழிலரசி, ஒரே மகள் கவியா. குறை என்று ஒன்றும் கிடையாது. ஆளுக்குப் பழைய கார் பைத்தியம், அவ்வளவுதான். ரோட்டில் ஒரு பழைய வண்டி போனால் போதும், பேரம் பேசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரை அம்போவென்று விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவார். அடி அண்ணாமலையில் மணிவேல் என்பவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில், 1957ஆம் வருட மாடல் கார் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டார். மறுநாளே மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எழிலரசி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வண்டி ஒரு காலத்தில் டாக்சி. மணிவேலின் அப்பா திருமலைதான் ஓட்டியிருக்கிறார். விற்கும்போது மணிவேல் ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து பின்சீட்டுக்குக் கீழே வைத்தார். இது வண்டியோடவே இருக்கட்டும், எப்போதும் தண்ணீர் ரொப்பி வையுங்கள் என்றார். ரேடியேட்டருக்குத்தான் சொல்கிறார் என்று மூர்த்தி எடுத்துக்கொண்டார். பழைய வண்டிகள் தண்ணீர் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

வண்டியைத் தேற்ற எட்டு மாதம் ஆனது. உதிரிப் பாகத்துக்காக மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு அலையாய் அலைந்தார். கவியாவும் கூடவே நின்றாள். உப்புத்தாள் போட்டு அவள் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தக் கறுப்பு மின்னியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரைப் போட்டு ஓட்டவும் பழகிவிட்டாள். காலையில் சோக்கை இழுத்து, இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினால் ஒரு இருமல் இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடிக்காத நாளில் மூர்த்தி முன்னால் போய்க் கம்பி போட்டு இன்ஜினைச் சுற்றுவார். தெருவே வேடிக்கை பார்க்கும். அவருக்கு அது ஒரு பெருமை.

"எனக்கு நகை கம்மியா போடுப்பா, பரவால்ல. மாப்ள வீட்டுக்கு நான் இந்த வண்டியிலதான் போவேன்" என்று கவியா அப்போதே சொல்லிவிட்டாள்.

மூர்த்தி வண்டியைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். நல்ல கிராக்கி. அப்போதுதான் சின்னச் சின்னதாக ஏதோ இடித்தது.

முதலில் வண்டியின் பின்பக்கம் கீழே தழைந்தது. மெக்கானிக் அருள்ராஜ் பின் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினார். பத்து நாளில் மறுபடி தழைந்தது. அவர் மீண்டும் மாற்றினார். மீண்டும் தழைந்தது. அருள்ராஜ் வண்டிக்குக் கீழிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்தபடி வெகுநேரம் பின்சீட்டையே பார்த்தார்.

"பட்ட புதுசுண்ணே, நானே மாட்னது. ஆனா பின்னாடி ஆளு உக்காந்துனு இருக்கிற மாதிரியே நிக்குது."

அடுத்தது தண்ணீர். காலையில் ரொப்பிய சொம்பு சாயங்காலம் காலியாக இருக்கும். சாய்ந்து கொட்டியிருக்கும் என்று தடவிப் பார்த்தால் தரைவிரிப்பில் ஈரம் இருக்காது. சரி, வெயிலில் வற்றியிருக்கும் என்று மூர்த்தி தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பிடித்த பொருளில் குறை கண்டுபிடிக்க யாருக்கு மனசு வரும்?

மூன்றாவதாகப் போட்டோக்கள். விளம்பரத்துக்காகக் கல்யாண ஜோடிகளின் படங்களைப் போனில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அந்தக் காரின் பின்சீட்டில் எடுத்தவை. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை ஒரு கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். பெண் மறு கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நடுவில் தாராளமாக ஓர் ஆள் உட்காரும் இடம். அன்றைக்குத் தாலி கட்டிய பிள்ளைகள் இப்படியா உட்காருவார்கள்? நெருங்கி உட்காரச் சொல்லிப் போட்டோக்காரர் கத்தியது மூர்த்திக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு ஜோடியும் தலையை ஆட்டியது. ஒருவரும் நகரவில்லை.

ஐப்பசி மாதம் செங்கத்தில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு மூர்த்தி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. மணி ஆறு பத்து. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆறட்டும் என்று டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்தார்.

மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மழைநீர் கூரையில் விழுந்தது. டக்... டக்...

அதற்கு நடுவே வேறு ஒரு சத்தம்.

மடக்... மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள்.

பின்னாலிருந்து...

மூர்த்தி கண்ணாடியைப் பார்க்கவில்லை.

சொம்பைக் கீழே வைக்கும் சத்தம். ணங்...

பிறகு ஒரு குரல். வயதான குரல்.

"வூடு வந்துடுச்சாப்பா?"

மூர்த்தியின் வாய் தானாகத் திறந்தது.

"இல்லீங்க... இன்னும் வரல."

ஒரு பெருமூச்சு.

சீட்டில் சாய்ந்துகொள்ளும் சத்தம். கிரீச்...

அவ்வளவுதான்.

கொதிக்கும் இன்ஜினோடு மூர்த்தி வண்டியை எடுத்தார். எங்கேயும் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தபோது சொம்பு காலி. சீட்டு உறை இரண்டு ஓரத்திலும் விறைப்பாக இருந்தது, நடுவில் மட்டும் குழிந்திருந்தது. அன்றிரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது.

வண்டியை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அதைத்தான் நினைத்தார். ஆனால் கவியாவுக்கும் வேங்கிக்காலைச் சேர்ந்த இளவரசன் என்ற பையனுக்கும் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பத்திரிகையிலேயே அந்தக் காரின் படத்தைப் போட்டு வைத்திருந்தாள் கவியா. என்ன காரணம் சொல்லி விற்பது? உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டில் அபசகுனம் என்பார்கள், கல்யாணமே நின்றாலும் நிற்கும். பெண்ணைப் பெற்றவர், விழுங்கிக்கொண்டார். கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார், பூசணிக்காய் உடைத்தார். பின்பக்கம் தழைந்தே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மூர்த்தியே வண்டியை ஓட்டினார். நல்ல பகல், பதினொன்றரை மணி. முன்சீட்டில் எழிலரசி சீர்த் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூர்த்தி ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார், இளவரசன் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"சாஞ்சு உக்காருங்க மாப்ள" என்றார் மூர்த்தி.

"பரவால்ல மாமா. எடம் பத்தல" என்றான் இளவரசன்.

மூன்று பேர் உட்காரும் சீட்டு. இருந்தது இரண்டு பேர்.

நல்லபடியாகக் கொண்டுபோய் விட்டுவிட்டால் போதும், நாளைக்கே இந்த வண்டியை உடைக்கப் போட்டுவிடுகிறேன் என்று அருணாசலேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டே ஓட்டினார். வேங்கிக்கால் வந்தது. வாசலில் கோலம். சம்பந்தியம்மா ஜோதியம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். மேளம் முழங்கியது. எதுவும் நடக்காமல் வந்து சேர்ந்த நிம்மதியில் மூர்த்திக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார்.

"வீடு வந்துடுச்சு. எறங்குங்க" என்றார்.

கவியா இறங்கினாள். வண்டி சற்று எழும்பியது.

இளவரசன் இறங்கினான். இன்னும் சற்று எழும்பியது.

மூர்த்தி கதவைச் சாத்தக் கை வைத்தார்.

கிரீச்...

மூன்றாவது தடவை எழும்பியது.

ஆரத்தி சுற்றி முடித்ததும் கவியா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். மூர்த்தி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. திரும்பும்போது வண்டி பூப்போல ஓடியது. சாயங்காலம் பார்த்தால் சொம்பில் தண்ணீர் ததும்பி நின்றது. பூஜைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னார். பயந்து செத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வண்டியை உடைக்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் கல்யாணப் பலகாரத்தோடு அடி அண்ணாமலைக்குப் போனார், நானும் கூடப் போனேன். இனி இந்தச் சொம்பு தேவைப்படாது என்று மணிவேலிடம் நீட்டினார். மணிவேல் அதை வாங்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. புளியமரத்தடியில் நடந்ததை மூர்த்தி சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெரியவரைச் செங்கம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோக, அவருடைய இரண்டு மகன்களும் திருமலையின் டாக்சியைப் பிடித்தார்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே பெரியவருக்கு உயிர் போய்விட்டது. வெளியூரில் செத்தவரின் உடலை அந்த ஊருக்குள் விடமாட்டார்கள். அதனால் உயிரோடு இருப்பவர் போல நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க, வழியெல்லாம் சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். இதோ வீடு வந்துவிடும், வந்துவிடும் என்று அவரிடம் பேசிக்கொண்டே போனார்கள். ஊர் எல்லையில் ஆட்கள் லாந்தரைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். உடல் வண்டியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனது.

"வூடு வந்துடுச்சு, எறங்குப்பான்னு யாரும் சொல்லலீங்க" என்றார் மணிவேல். "அதுலேர்ந்து கேட்டுனே இருப்பாரு. எங்கப்பா கடைசி வரைக்கும் இன்னும் வரல, இன்னும் வரலன்னு சொல்லினேதான் ஓட்டுனாரு. தண்ணி வெச்சிட்டா ஒண்ணும் பண்ணமாட்டாரு. முழுசா சொன்னா நீங்க வாங்கமாட்டீங்களேன்னு வுட்டுட்டேன்."

"வந்துடுச்சுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் மூர்த்தி.

"எறங்கிடுவாரு. எந்த வாசல்ல சொல்றமோ அதான் அவரு வூடு. அப்புறம் அங்கேர்ந்து கெளம்பமாட்டாரு... ஏங்க, நீங்க எங்கனா சொல்லலியே?"

மூர்த்தி அவசரமாகப் போனை எடுத்தார், கவியாவைக் கூப்பிடுவதற்காக. காலையிலேயே அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர் திறந்தார். தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

புது வீட்டு ஹால். நீளமான சோபா. ஒரு ஓரத்தில் இளவரசன் சிரித்துக்கொண்டிருந்தான். மறு ஓரத்தில் கவியா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் மெத்தை குழிந்திருந்தது.

அன்றிலிருந்து மூர்த்தி தினமும் சாயங்காலம் வேங்கிக்காலுக்குப் போகிறார். சொம்பில் தண்ணீர் ரொப்பிப் பின்சீட்டுக்குக் கீழே வைக்கிறார். வாசலில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். உள்ளே வாப்பா என்று கவியா கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். எப்போதும் தாகமாகவே இருக்கிறது என்கிறாள்.

"இது உங்க வீடு இல்லீங்க" என்று மூர்த்தி காலி வாசலைப் பார்த்து மெல்லச் சொல்கிறார். "நான் தப்பா சொல்லிட்டேன். வாங்க, போலாம்."

இருட்டும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வண்டி ஒரு நாளும் தழையவில்லை.