எது மெஷின், எது கம்ப்யூட்டர்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'காது'. முகத்துக்கு நேரே என்றால் 'காது சார்'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட ஆள் இல்லாமல் அவரே பாதி மறந்திருந்தார்.

நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அதுதான் கம்பெனி. மின்சாரத்தில் சத்தம் எழுப்பும் பழைய இசைக்கருவிகளான சின்தசைசர்களைக் கம்ப்யூட்டருக்குள் இறக்குவது அவர்கள் தொழில். அந்த மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒரு முன்கோபி. இரண்டு பக்கமும் மரப்பலகை, நடுவில் திருகித் திருகிக் கை ஓய்ந்துபோகும் அளவுக்குக் குமிழ்கள், சூடேறும்வரை சுருதி நிற்காது. அசல் ஒன்று வாங்கவேண்டுமென்றால் சொத்தை விற்கவேண்டும். அதனால் அதே சத்தத்தை லேப்டாப்பில் தருகிற சாஃப்ட்வேர் எழுதி, வாசிப்பவர்களுக்கு விற்றார்கள்.

அதில் இவருக்கு ஒரே வேலைதான். உள்ளறையில், சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய இடத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்வார். புரோகிராம் எழுதும் பெண் பின்னால் நின்று வாசிப்பாள். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பழைய மெஷின், இன்னொரு பக்கம் தட்டினால் அவள் எழுதிய நகல். இவர் கண்ணை மூடிக்கொண்டே "மெஷின்", "கம்ப்யூட்டர்" என்று சொல்லிக்கொண்டு வருவார். ஒரு தடவையும் தப்பியதில்லை. மேல் சுருதிக்குப் போனால் நகலில் கொசு ரீங்கரிப்பது போல மெல்லிய கீச்சு ஒன்று வரும். அதை வைத்துப் பிடித்துவிடுவார்.

"எனக்கே காது குத்தறியா?" என்று சிரிப்பார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டர் முன் போய் உட்காருவாள்.

காது சார் 'தெரியல' என்று சொல்லும்வரை சரக்கு வெளியே போகக்கூடாது. முதலாளி போட்ட சட்டம் அது. சட்டம் போட்டவருக்கும் சரி, அதற்குத் தலையாட்டியவர்களுக்கும் சரி, அதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று உறைக்கவில்லை.

இளமையில் அவர் கச்சேரிக் குழுக்களுக்கு ஒயர் இழுத்தவர். மேடையில் இரைச்சல் வந்தால் எந்த ஒயர் என்று தூரத்திலிருந்தே கை காட்டுவார். வீட்டில் மனைவி அடுப்படியில் முணுமுணுத்தால்கூடக் கூடத்திலிருந்து பதில் வரும். "இந்த மனுஷனோட ஒரு வார்த்தை நிம்மதியா திட்டிக்க முடியுதா?" என்று அவள் அதையும் முணுமுணுப்பாள். அதற்கும் பதில் வரும்.

புரோகிராம் எழுதும் அந்தப் பெண் இரண்டு வருஷமாக ஒரே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை வழக்கம்போல வாசித்தாள். ஸ்விட்ச் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மேல் சுருதி. மறுபடியும் மேல் சுருதி. அவர் இன்னொரு தடவை என்று விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

"தெரியலம்மா."

"என்ன சார்?"

"எது மெஷின், எது கம்ப்யூட்டர்னு தெரியல. சாதிச்சுட்டே."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். முதலாளி கேக் வாங்கிவரச் சொன்னார். காது சாருக்கும் கண் கலங்கியது. அந்த நிமிஷத்தில் அவர் சொன்னதில் பொய் ஒரு துளி இல்லை.

அன்று மாலை வீட்டில் செய்தித்தாளும் கையுமாக இருந்தார். மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"வாஷிங் மெஷின் எவ்ளோ நேரமா கத்திட்டு இருக்கு! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, போய் நிறுத்தினா என்ன?"

"எங்க கத்துது?"

"இதோ, இப்பவும்தான் கத்துது."

அவர் எழுந்துபோய் மெஷின் மேல் காதை வைத்தார். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சத்தம் ஏதும் இல்லை.

காதும் காதும் வைத்தாற்போல் ஒரு டாக்டரிடம் போய்வந்தார். டாக்டர் ஒரு வரைபடத்தை நீட்டி, விளக்க வாயெடுத்தார். விளக்கத்துக்கு அவசியமே இல்லை. இடப்பக்கம் நேராகப் போய் வலப்பக்கம் சரிந்து விழும் அந்தக் கோடு அவருக்கு அத்துப்படி. சின்தசைசரில் மேல் சத்தத்தை வெட்டும் குமிழை இடப்பக்கம் திருகினால் இதே கோடுதான் வரும். எத்தனை ஆயிரம் தடவை திருகியிருப்பார்! அந்தக் குமிழையாவது திரும்ப வலப்பக்கம் திருகலாம்.

"வயசானா வர்றதுதான். இருக்கறது போகாம பாத்துக்கங்க," என்றார் டாக்டர்.

சரக்கு விற்பனைக்குப் போக இன்னும் நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லத்தான் கிளம்பினார். மாடிப்படி ஏறும்போது நாக்கு நுனியில் இருந்தது, முதலாளி "வாங்க காது சார்!" என்றதும் தொண்டைக்குள் போய்விட்டது. காது போன காது சாருக்கு அங்கே என்ன வேலை? இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? மென்று விழுங்கிவிட்டார். கோழைத்தனம்தான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

சரக்கு வெளியே போனது. வாங்கியவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மேல் சுருதியில் கீச்சு, காதைக் கிழிக்கிறது, ஏமாற்று வேலை. "காது சாருக்கே கேக்கல, இவனுங்களுக்குக் கேக்குதாம்!" என்று முதலாளி முதலில் சிரித்தார். அந்தப் பெண்ணும் எல்லோருக்கும் விறைப்பாகவே பதில் எழுதினாள்: எங்களிடம் ஒருவர் இருக்கிறார், அவர் காதுக்குத் தப்பி எதுவும் போகாது. அதை அவள் பெருமையாக வாசித்துக்காட்டியபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் முதலாளியின் சிரிப்பு நின்றது. யார் தலையிலாவது கட்டவேண்டுமே! கூட்டம் போட்டார். காது சார் கேட்டுச் சொன்ன பிறகு அவள்தான் எதையோ மாற்றிக் கெடுத்திருக்கவேண்டும் என்றார். அவள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே காது சாரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்தார். வேலை போனது அவளுக்கு.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் உள்ளறைக்கு வந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். எனக்கு அந்தக் கீச்சு முதல்லேருந்தே கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க தெரியலன்னு சொன்ன அன்னிக்கும் கேட்டுச்சு. உங்களுக்கே கேக்கலன்னா எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூட போனேன் சார். நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்பவும் என்னை நான் நம்பல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. இருக்கா, இல்லையா? இல்லேன்னா இந்த வேலையே எனக்கு வேண்டாம், விட்டுடறேன்."

ஹெட்போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு பழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மேல் சுருதியில் அவள் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள். வழவழவென்று, குற்றம் குறை இல்லாமல் ஒரு சத்தம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு அவள் காதையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இருக்கிறது என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட.

"இருக்கும்மா. கீச்சு நல்லாவே கேக்குது. உன் காது சரிதான். அன்னிக்கு நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

கட்டையிலிருந்து அவள் கை எழுந்தது. சத்தம் நின்றது.

"சார், நான் இன்னும் கம்ப்யூட்டருக்கு மாத்தவே இல்ல. இது பழைய மெஷின்."

அவர் திரும்பவில்லை. எதிரே சுவரில் ஸ்பாஞ்சின் ஓரம் பிய்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து சார்?"

"தெரியலம்மா," என்றார். அதுவும் பொய் இல்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகே போய், திரும்பி, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்தபோது உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

அவர் அவசரமாக ஹெட்போனைக் கழற்றினார். "என்னம்மா? என்ன சொன்னே?"

அவள் திரும்பச் சொல்லவில்லை.