பதிந்து பறந்த விமானம்

அந்த வாரத்தில் ஐந்தாவது தடவையாக அதே மலையில் மோதினேன். பனி மூடிய ஏதோ அயல்நாட்டு மலை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு வளைந்து போகும். மரத்தின் தலை தட்டுகிற உயரத்தில், பதிந்து பறந்து, அந்த இடுக்கைத் தாண்டி வெளியே வரவேண்டும். வளைவு வந்ததும் படம் இறுகி நின்றுவிடும். மறுபடி அசையும்போது திரை முழுக்கப் பாறை. காத்தான்குடியில் பழசாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு அவ்வளவு மலையைத் தாங்கச் சீவன் இல்லை. அது ஒழுங்காக ஓடுகிற நாளில் கரண்ட் போய்விடும்.

இதெல்லாம் போதாதென்று அம்மா. விமான இரைச்சல் கேட்டதும் குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவார்.

"மேல ஏத்து மனே, மேல ஏத்து. கீழ ஆக்கள் இருக்குங்கள்."

"இது விளையாட்டம்மா. அங்க ஒருத்தரும் இல்ல."

"இல்லையெண்டு உனக்குத் தெரியுமா?"

காதில் ஹெட்போன் மாட்டினேன். அதற்கும் மசியவில்லை, திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் அவர் போட்ட கூச்சலில் கை தவறி மலையில் விழுந்தேன். "இந்த வீட்டில ஒண்டையும் நிம்மதியாச் செய்ய ஏலாது" என்று கத்தினேன். அவர் போய் உலையைப் பார்த்தார். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

சுனாமி தேற்றாத்தீவில் எங்கள் வீட்டை அத்திவாரம் மட்டும் விட்டுவிட்டு எடுத்துப் போன பிறகு, நாவற்குடாவில் வாடகைக்கு வந்திருந்தோம். அப்பா மட்டும் வரவில்லை. கடல் இருக்கிற பக்கம் இனித் தலை வைத்தும் படுக்கமாட்டேன் என்று வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குப் போனார். அங்கே சித்தப்பாவுக்கு வட்டை என்கிற வயல்வெளியில் கொஞ்ச வயலும் மாட்டுப் பட்டியும் இருந்தன. கடலுக்குப் பயந்து போன மனிதரைத் தேடிக்கொண்டு சண்டை அங்கே போயிற்று.

குண்டு போடுகிற பொம்பர் விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் மேற்கே போகும். கொஞ்ச நேரத்தில் யன்னல் அதிரும். அம்மா முற்றத்தில் நின்று படுவான்கரைப் பக்கம் பார்ப்பார். நான் உள்ளே மலை இடுக்கில் பறந்துகொண்டிருப்பேன். வேறென்ன செய்வது? பாதை பூட்டு, வேலை இல்லை, அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மலையையாவது தாண்டவேண்டும் போலிருந்தது.

இடம்பெயர்ந்து வந்த சனத்தோடு அப்பாவும் ஒருநாள் நடந்து வந்தார். இடுப்பில் சாரம் மட்டும். மேலில் சட்டை இல்லை, கூடச் சித்தப்பா இல்லை. "தம்பி வயலுக்குள்ளயே போயிட்டான்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, சண்டை முழுதாக முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று, டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். நான் வழக்கம்போலக் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்தேன். ஒருநாளும் அந்தப் பக்கம் வராத அப்பா, கதிரையை இழுத்துப்போட்டு என் பின்னால் அமர்ந்தார். விமானம் ஆற்றின் மேல் பதிந்து போய்க்கொண்டிருந்தது. அதிசயமாக, வளைவில் படம் இறுகவில்லை.

"இவ்வளவு பதிஞ்சு போகக்குள்ள, கீழ நிக்கிற ஆளைத் தெரியுமா மனே?"

"ஏனப்பா?"

"வெள்ளாம வெட்டிக்கொண்டு நிண்ட நாங்க. பொம்பர் பதிஞ்சு வந்திச்சு. நான் சட்டையக் கழட்டி வீசி வீசிக் காட்டின நான். வெள்ளச் சட்ட. வயல்காரங்க எண்டு தெரியட்டும் எண்டு."

விடை எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் பறந்து பார்த்தவன் நான். அந்த வேகத்தில் மரமே ஒரு பச்சைக் கோடுதான். மனிதன் ஒரு புள்ளி கூட இல்லை. ஆனால் அவர் வீசியது வீணாகவில்லை என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஓம் அப்பா. வடிவாத் தெரிஞ்சிருக்கும்."

அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அப்ப ஏன் அடிச்சவன்?"

என் மடைத்தனத்தை எதில் கொண்டுபோய் மோதுவது? திரையில் பாறைகள் விலகின. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக இடுக்கைத் தாண்டி வெளியே வந்திருந்தேன். கீழே பச்சையாக ஒரு சமவெளி விரிந்தது. அப்பா பதிலுக்காகக் காத்திருந்தார்.