கலாவதி மாற்றிச் சொன்ன வசனம்

சென்ற மாதம் எங்கள் காபிக்கடைக் குறும்படக் காட்சியில் ஸ்பீக்கர் மக்கர் பண்ணிவிட்டது. வழக்கமாக இது புலம்பும் விஷயம். இந்த முறை புலம்ப மனம் வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கும்பகோணத்தில் எங்கள் தெரு முனையில் ரவி காபிக்கடை வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அங்கே சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, உள்ளூர்க்காரர்கள் எடுத்த குறும்படங்களைப் போடுகிறோம். புரொஜெக்டர் என்னுடையது, காபி அவருடையது. படம் ஓடும்போது கொட்டை அரைக்கும் மெஷினைப் போடக் கூடாது – எங்களுக்குள் இருக்கும் ஒரே ஒப்பந்தம் இதுதான்.

அன்று பிரபுவின் படம். கல்யாண வீடியோ எடுப்பவர். இது அவருடைய முதல் படம். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் கணவன், வழியனுப்பும் மனைவி... அவ்வளவுதான் கதை. நடித்தவர்கள் நாச்சியார்கோவில் பக்கத்து நிஜத் தம்பதி, முருகையனும் கலாவதியும். முருகையன் உண்மையிலேயே துபாயில் கிரேன் ஓட்டுகிறவர். லீவில் வந்தவரைப் பிடித்து நடிக்க வைத்துவிட்டார் பிரபு. அடுத்த வாரம் ஃப்ளைட். அதற்குள் படத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று இருவரும் வந்திருந்தார்கள்.

படம் தொடங்கியதுமே சத்தம் நின்றுபோனது. வயரைப் பிடுங்கிச் செருகினோம், தட்டினோம்... ம்ஹூம். பிரபுவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

முன் பெஞ்சிலிருந்த முருகையன்தான், “போடுங்க தம்பி. வசனமெல்லாம் மனப்பாடம். நாங்களே பேசிடறோம்” என்றார்.

பேசினார்கள். திரையில் கலாவதி பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டிலை வைக்க, பெஞ்சிலிருந்த கலாவதி, “மூடிய இறுக்கி வச்சிருக்கேன். போற வழியில திறந்துடாதீங்க” என்றார். கடையே சிரித்தது.

பிறகு வாசல் காட்சி. முருகையன், “ரெண்டு வருஷம்தான் கலா. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்” என்றார். திரையில் கலாவதியின் உதடுகள் அசைந்தன. பெஞ்சில் சத்தமில்லை.

“அக்கா... ‘சரி, போய்ட்டு வாங்க’ன்னு சொல்லணும்” என்று பிரபு மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

“தெரியும் தம்பி. ஒவ்வொரு வாட்டியும் அதைத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்.”

கணவர் பக்கம் திரும்பினார். “போகாதீங்க.”

திரையில் முருகையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர் அதைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

“வீட்டுல ஏன் சொல்லல?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் முருகையன்.

“நீங்க எப்பவும் டிக்கெட் போட்டுட்டுதான சொல்றீங்க.”

ரவி இரண்டு காபியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தார்.

முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் வந்த வார்த்தை, வீட்டுக்குள் ஏன் வரவில்லை? பக்கத்தில் இருப்பவரிடம் பேசத்தான் நமக்குத் தைரியம் அதிகம் வேண்டியிருக்கிறது போல.

முருகையன் போகவில்லை. இப்போது அறுவடை மெஷின் ஓட்டுகிறார். வருமானம் முன்போல் இல்லை, ஆனாலும் சமாளிக்கிறோம் என்கிறார் கலாவதி.

போன வாரம் பிரபு கலாவதிக்கு போன் செய்திருக்கிறார். படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். ஒலிப்பதிவில் இரைச்சல் அதிகமாம். அந்த வாசல் காட்சிக்கு மட்டும் டப்பிங் பேசித் தர முடியுமா என்று கேட்டாராம்.

“வேற ஆள் பாருங்க தம்பி,” என்றாராம் கலாவதி. “அந்த வசனம் எனக்கு இனிமே வராது.”