வெறுந்திடல் மரியாதை: மூணாங்கட்டைத் தோட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்கிய காலை

இந்த வலைப்பக்கத்தில் இதுவரை எழுதிய ஊர்களுக்கெல்லாம் நான் போனதற்கு இரண்டே காரணங்கள்தாம். ஒன்று சாப்பாடு, இன்னொன்று மலிவான அறை. இந்த முறை ஒரு ஹெலிகாப்டரைப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள், முழுதாகப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

அழைத்தவள் ஸ்டெல்லா. நாங்கள் சிரம்பானில் ஐந்தாம் படிவம் வரை ஒரே வகுப்பு. இப்போது பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் போன் செய்து, "சனிக்கிழம காலைல ஒம்பதரைக்கு எங்க திடல்ல ஹெலிகாப்டர் எறங்குது. நீ வர்ற. வேல கீல இருக்குன்னு சொன்னே, அப்புறம் என்கிட்ட பேசாத லா" என்றாள். அழைப்பு மாதிரியே இல்லை, சம்மன் மாதிரி இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தை ஒரே மத்தியானத்தில் வெள்ளம் சூழ்ந்தது. உங்களுக்கும் ஒரு காணொளி வந்திருக்கும்: தகரக் கூரை, சுற்றிலும் பால்தேநீர் நிறத்தில் தண்ணீர், கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கும் ஓர் ஆரஞ்சு உடுப்புக்காரர். நானும் நாலு குழுக்களுக்கு அனுப்பிவைத்தேன், கும்பிடும் கைப் படங்களோடு. அந்தக் கூரையில் உட்கார்ந்திருந்தவள் என் ஸ்டெல்லா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை 3.10-க்குக் கிள்ளானிலிருந்து காரில் புறப்பட்டேன். வீட்டு வாசலிலிருந்து தோட்டத்துக்கு என் வண்டிக் கணக்கில் 111 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை நெரிசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பெடாஸ் லிங்கியில் வெளியேறியபோது மணி 5.20. நல்ல பிள்ளையாக மத்தியானம் ஒரு மணிக்கே புறப்பட்டிருந்தால் ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

பெடாஸ் கடைத்தெருவில் தேத்தாரே, அதாவது நுரைக்க ஆற்றிய பால்தேநீர், குடிக்க நிறுத்தினேன். தேநீர் இரண்டு ரிங்கிட், வாழைப்பழப் பொரியல் ஐந்து துண்டு மூன்று ரிங்கிட். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மலாய்க்காரரிடம் தோட்டத்துக்கு வழி கேட்டதுதான் தாமதம், குவளைகளைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு ஹெலிகாப்டர் வருதே, அங்கேயா?" என்று மலாயில் கேட்டுவிட்டு, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி வெள்ளக் கதையை ஆரம்பித்தார். காப்பாற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிய பள்ளித் திடல் அவர் கடைக்குப் பின்னால்தான். அன்று கடையில் இருந்த ரொட்டி முழுவதையும் அங்கே தூக்கிக்கொண்டு போனாராம். அந்த வட்டாரத்தில் அப்புறம் நான் பேசிய எல்லோரும் கதை சொல்லும்போது அதேபோல விரலைத் தலைக்கு மேலே சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை நானே அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டேன்.

பெடாஸிலிருந்து தோட்டம் ஏழு கிலோமீட்டர். கடைசி இரண்டேகால் கிலோமீட்டர் செம்மண் சாலை, மழை பெய்தால் தாழ்வான கார்கள் யோசித்துப் போக வேண்டும். அந்தச் செம்மண் சாலை பிரியும் இடத்தில் இருந்த பழைய மூன்றாம் மைல் கல்லை வைத்து ஊரார் அதை மூணாங்கட்டை என்கிறார்கள்; கட்டை என்றால் மைல். உள்ளே வரிசை வீடுகள், சின்ன மாரியம்மன் கோயில், அதைவிடச் சின்ன மாதா கோயில், பின்னால் ஆறு. நான் போனபோது அந்த ஆறு முழங்கால் அளவுகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வெள்ளத்தை நம்ப மாட்டீர்கள்.

6.40-க்கு, நான் ஸ்டெல்லா வீட்டுக் கூடத்தில் இருந்தபோது, மழை பிடித்தது. பேசிக்கொண்டிருந்த ஸ்டெல்லா பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். எழுந்து எல்லா சன்னல்களையும் சாத்தினாள், காலணியை மாட்டினாள், அடையாள அட்டை வைத்திருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். நாற்பது நிமிடம் அப்படியே நின்றாள். அவள் கணவர் தேவன், லோரி ஓட்டுநர், "மழை நிக்கிற வரைக்கும் இப்படித்தான் சிஸ்டர். சொல்லிப் பாத்தாச்சி" என்றார்.

மழை விட்டதும் அவளே சொன்னாள். வெள்ளத்தன்று தேவன் ஜொகூரில் சிக்கிக்கொண்டார். ஸ்டெல்லாவும் ஆறு மாதக் கர்ப்பிணியான அவள் நாத்தனார் கலாவும் கூரையேறினார்கள். ஹெலிகாப்டர் வந்தபோது உள்ளே ஏற்கெனவே ஏழு பேர். இன்னும் இரண்டு பேரைத்தான் தாங்கும். கயிற்றில் இறங்கி வந்த வீரர் இவர்கள் இருவரையும் மாட்டி அனுப்பிவிட்டு, தான் கூரையிலேயே தங்கிவிட்டார்.

"ஹெல்மெட்டு, கண்ணாடி, மூஞ்சே தெரியல. நான் பயத்துல தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். 'காக், ஜாங்ஙான் தெங்கோக் ஆயேர். தெங்கோக் சாயா'ன்னாரு. அக்கா, தண்ணிய பாக்காதீங்க, என்ன பாருங்கன்னு. மேல போனதும் திரும்பிப் பாத்தேன். அடுப்படிப் பக்கத்துக் கூர அப்படியே பிச்சிக்கிட்டு போவுது. அவரு கூர உச்சியில உக்காந்து கைய ஆட்டுறாரு."

ஹெலிகாப்டர் பெடாஸில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவர பதினெட்டு நிமிடம் ஆனதாம். அவரைப் பத்திரமாகத் தூக்கிவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பெயர் ஹபீஸ் என்றும் தெரிந்தது. ஆனாலும் ஸ்டெல்லாவுக்கு அது போதவில்லை. "மத்தவங்க சொல்லித்தான் தெரியும்டி. நான் கண்ணால பாத்தது அவரு கூர மேல இருந்ததத்தான். ஒவ்வொரு மழைக்கும் அங்கயேதான் இருக்காரு. அவரு தரையில நிக்கிறத நான் ஒருதரம் பாக்கணும்."

அதற்காகத்தான் அவள் மீட்புப் படைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பதில் வந்தது. போர்டிக்சன் கடற்கரையில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் அதே குழு இருபது நிமிடம் இறங்கும், திடல் பாதுகாப்பாக இருந்தால் மட்டும். விவரங்கள் இரண்டாம் பக்கத்தில். அந்த இரண்டாம் பக்கத்தைத்தான் ஏற்பாடுகளின் தலைவரான தோட்டக் கண்காணி, மண்டோர் கண்ணியப்பன், பின்புறம் வெறுமையாக இருக்கிறதே என்று, யாரும் படிக்கும் முன்பே அதில் அளவு எழுதிக் கூடாரக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே திடல் கல்யாண வீடாகிவிட்டது. நான்கு கூடாரங்கள், இருநூறு நாற்காலிகள், கோல்கம்பம் இரண்டிலும் தென்னை ஓலைத் தோரணம், இருபது அடி நீளத்துக்கு "எங்கள் வீரர்களே வருக" பதாகை. திடலின் நட்டநடுவில், தார்ப்பாய் விரித்து வண்ண அரிசிக் கோலம். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் போடுவார்களே, அதே மாதிரி. இங்கே இருந்தது ஒரு ஹெலிகாப்டர், சுற்றிலும் தாமரை. கோயில் பெண்களும் மாதா கோயில் பெண்களும் சேர்ந்து இருபது கிலோ அரிசிக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். கோடு வரைந்தது ஸ்டெல்லா. நானும் ஒரு தாமரை நிரப்பினேன், கொஞ்சம் கோணல்தான். இவ்வளவு அழகான வரவேற்பை எந்த அமைச்சரும் பார்த்திருக்க மாட்டார் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றோம்.

8.40-க்குத் தரைக்குழு அதிகாரி சைமன் வந்தார். போர்டிக்சன் அருகே சி ரூசா பக்கம் வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். காரை விட்டு இறங்கியவர் திடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணியப்பன் மாலையோடு ஓடினார்.

"அண்ணே, ஹெலிகாப்டர் எங்க எறங்கணும்?"

"கோலத்து மேலதான் தம்பி! அதுக்குத்தான போட்டிருக்கு."

சைமன் தலையில் கைவைத்தார். "அண்ணே, அது எறங்குறப்ப அடிக்கிற காத்துல இந்தக் கூடாரம் எல்லாம் பறக்கும். நாற்காலி பறக்கும். தோரணம் போய் எறக்கையில சுத்திக்கும். அரிசி ஒவ்வொண்ணும் கண்ணுல குண்டு மாதிரி அடிக்கும். எல்லாத்தையும் எடுக்கணும். இல்லன்னா மேலயே ஒரு சுத்து சுத்திட்டு போயிடுவாங்க."

கண்ணியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உசுர காப்பாத்துனவங்கள வெறுந்திடல்லயா எறக்குறது? மரியாதன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி?"

"எங்களுக்கு வெறுந்திடல்தான்ணே மரியாத" என்றார் சைமன்.

முதலில் குனிந்தது ஸ்டெல்லா. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி மடக்கினாள். தாமரையும் ஹெலிகாப்டரும் ஒன்றாகக் கலந்து சரிந்தன. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புடிங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது. உறுமி மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்தை அவிழ்த்தார்கள். மாதா கோயில் பாடல் குழு நாற்காலிகளை அடுக்கியது. வாடகைக்கு விட்ட கூடாரக்காரர் திட்டிக்கொண்டே கயிற்றை அறுத்தார். ஐம்பது நிமிடத்தில் ஒரு கல்யாண வீட்டைச் சுருட்டி ஒதுக்க முடியும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொட்டிய அரிசியை இருபது பெண்கள் கைவிளக்குமாற்றால் புல்லிலிருந்து கூட்டி எடுத்தார்கள். இவ்வளவு பெருமையாக ஓர் அலங்காரத்தைப் பிரித்துப்போட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

9.32-க்குச் செம்பனை மரங்களுக்கு மேல் சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர் வந்தது, திடலுக்கு மேல் தாழ்ந்தது, திடீரென்று மறுபடி உயர்ந்து விலகியது. ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. சைமன் கையிலிருந்த கருவியில் பேசிவிட்டு, "பதாகை! பதாகை!" என்று கத்தினார். இருபது அடிப் பதாகை ஒருபக்கம் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை மறந்தே போனோம்.

கண்ணியப்பன் ஓடினார். அறுபதை நெருங்கும் மனிதர், புது வேட்டி, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதாகையை இழுத்துப் பிய்த்து, வேலியோரம் கொண்டுபோய், அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். ஹெலிகாப்டர் இரண்டாவது சுற்று வந்தது. இறங்கியது. சேலைகளும் முடிகளும் பறந்தன, புழுதி வாயெல்லாம் நிறைந்தது, இருநூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டே கைதட்டினோம். கடைசிவரை கண்ணியப்பன் பதாகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இறக்கை நின்றதும் நான்கு பேர் இறங்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எல்லோரும் சாதாரண மனிதர்களாகத் தெரிந்தார்கள். அதில் ஒல்லியாக, இருபத்தெட்டு வயதிருக்கும் ஒருவர்தான் ஹபீஸ். கூட்டம் அவரை மொய்த்தது. மாலை, பொன்னாடை, கைகுலுக்கல், தேநீர்க்கடைக்காரர் கொண்டுவந்த பலகாரப் பெட்டி. கலா தன் பத்து மாதக் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பாவம், காது சிவந்து, தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளத்தில் இறங்கத் தயங்காதவருக்குப் பாராட்டில் நிற்கத் தெரியவில்லை.

ஸ்டெல்லா மூன்று வாரமாக மலாயில் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தாள். அந்தத் தாளை எடுக்கவே இல்லை. அவர் எதிரே போய் நின்றாள். அவர் நிற்கும் தரையைப் பார்த்தாள், அவர் கால்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டிக், ஜாங்ஙான் தெங்கோக் தானா. தெங்கோக் சாயா."

தம்பி, தரையைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க.

அவர் நிமிர்ந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. அங்கிருந்த எல்லோரும் அழுதோம், நானும் அழுதேன், இதை எழுதும்போதும் கொஞ்சம் அப்படித்தான். நம் நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அவர்கள் இறங்குவதற்காகத் தங்கள் கோலத்தைத் தாங்களே சுருட்டிய அந்தத் தோட்டத்து மக்களை நினைத்தும் அதே அளவு பெருமை.

9.58-க்குக் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு கூடாரத்தை மறுபடி கட்டி, கோழிப் பிரட்டலும் சோறும் சாப்பிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் பெடாஸ் பக்கம் போனால் ஆற்றோரச் சாலையில் தண்ணீர் ஏறுகிறதா என்று முதலில் உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள், வரைபடத்தைக் கேட்காதீர்கள். பெடாஸில் எளிய அறை எனக்கு எழுபது ரிங்கிட்டுக்குக் கிடைத்தது, சனிக்கிழமை இரவு தங்கினேன். வெந்நீர் ஊற்றுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டமில்லை. அங்கிருந்து போர்டிக்சன் கடற்கரை ஒரு மணி நேரத்துக்குள்தான். உங்கள் ஊரில் ஹெலிகாப்டர் இறங்குவதாக இருந்தால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

நேற்று மாலை கிள்ளானில் நல்ல மழை. பெடாஸிலும் பெய்கிறது என்று கேள்விப்பட்டு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பின்னால் மழைச் சத்தம் காதை அடைத்தது.

"என்னடி பண்ற? காலணி போட்டுட்டியா?"

"தோச ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். "சத்தமா பேசு லா, சன்னலு எல்லாம் தொறந்து கெடக்கு."